தில்லிக் குளிரில் ஹோமர் புறாக்கள்: மாடிக் கூண்டை மூடுவதா, திறந்தே விடுவதா?

வடசென்னை ஹோமர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் சென்னையிலிருந்து தில்லி வந்திருக்கிறேன், இதுதான் இங்கே முதல் குளிர்காலம். பாலம் என்ற பகுதியில் மேல்தளம். மொட்டைமாடியும் எங்களுக்கே என்று சொன்னதால் வாடகை கூடினாலும் பரவாயில்லை என்று இந்த வீட்டைப் பிடித்தோம், ஏனென்றால் கூடவே பத்து ஜோடி ஹோமர், அதாவது தொலைவில் விட்டாலும் வீடு தேடித் திரும்பும் பந்தயப் புறாக்கள், வந்திருக்கின்றன. எல்லாம் அப்பா காலத்திலிருந்து வியாசர்பாடியில் வளர்த்துவந்த வம்சம். பந்தயம் ஓடிய பெரிய புறாக்கள் என்பதால் இவற்றை இங்கே திறந்துவிட முடியாது, விட்டால் சென்னையைப் பார்த்துத்தான் கிளம்பும், நேர்க்கோட்டிலேயே 1,700 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே இவை இனி ஆயுள் முழுக்கக் கூண்டில்தான். இவற்றின் குஞ்சுகளைத்தான் இந்த மாடிக்குப் பழக்க வேண்டும்.

கூண்டு 12 அடி நீளம், 6 அடி ஆழம், 7 அடி உயரம். நம்ம ஊர் வழக்கப்படி நான்கு பக்கமும் கம்பி வலை, மேலே தகரம். சென்னையில் காற்று எவ்வளவு வருகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் கட்டுவோம். இங்கே கீழ்வீட்டுப் பெரியவர் தினமும் கேட்கிறார், "டிசம்பர், ஜனவரியில் இதுகள் என்ன ஆகும்? பிளாஸ்டிக் போட்டு நன்றாகச் சுற்றிவிடு, இல்லாவிட்டால் ராத்திரியில் உள்ளே கொண்டு போ" என்று. உள்ளே கொண்டு போக வழியில்லை, வீட்டில் நான்கு வயதுப் பையன் இருக்கிறான், அவனுக்கு அடிக்கடி இருமல் வரும்.

நான் தெரிந்துகொள்ள நினைப்பது இதுதான். நான்கு பக்கமும் பிளாஸ்டிக் சுற்றிவிடலாமா? உள்ளே பல்பு போட வேண்டுமா? தீனியில் என்ன மாற்றணும்? இப்போது அக்டோபர், இரண்டு ஜோடி முட்டையில் உட்கார்ந்திருக்கின்றன, மற்றதும் கூடு கட்டத் தொடங்கிவிட்டன, அதை அப்படியே விடலாமா? தில்லியில் ஹோமர் வைத்திருக்கும் தமிழர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள். இந்தப் புறாக்களில் ஒன்றுகூடப் போகக்கூடாது.


நஜஃப்கர் மாடி எழுதியது:

தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். வளர்ந்த புறாவுக்குத் தில்லிக் குளிர் தாங்கும். அதன் உடம்புச் சூடு 41, 42 டிகிரி, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் நடுவில் காற்று நின்று அதுவே கம்பளி மாதிரி வேலை செய்யும். தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 1935 ஜனவரியில் மைனஸ் 0.6 டிகிரி, 2021 புத்தாண்டு அன்று 1.1 வரை போனது. அந்தக் காலையிலும் மேம்பாலத்துக்கு அடியில் மாடப்புறாக்கள் இருந்தன, யாரும் அவற்றுக்குப் போர்வை போடவில்லை. பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் தண்ணீர் பாத்திரம் உறைகிற குளிரில்கூட இனப்பெருக்கப் புறாக்களை வலைக்கூண்டில் வெளியேதான் வைத்திருக்கிறார்கள்.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கும், இரவில் உட்கார்ந்திருக்கும் புறாவின் மேல் நேராக வீசும் காற்றுக்கும்தான். நனைந்த இறகில் காற்று நிற்காது. காற்று ஊடுருவி வீசினாலும் அப்படித்தான், உப்பி வைத்த சூடு போய்விடும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, நம்ம ஆட்கள் குளிருக்குப் பயந்து தாங்களே உண்டாக்குவது: மூச்சு முட்டும்படி மூடிவிடுவது. இருபது புறா இரவு முழுக்க மூச்சு விடுகிறது, எச்சம் போடுகிறது, அந்த ஈரமெல்லாம் எங்கே போகும்? பிளாஸ்டிக்கில் முத்து முத்தாகப் பிடித்து புறாக்களின் மேலேயே சொட்டும். எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும். காலையில் கூண்டுக்குள் நுழைந்ததும் புறா உட்காரும் உயரத்தில் மூக்கை வைத்து மூச்சு இழுத்துப் பாருங்கள், உங்களுக்குக் கண் எரிந்தால் அதற்கு இரவெல்லாம் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். நெஞ்சுச் சளி அங்கேதான் ஆரம்பம்.

இப்போது உங்கள் கூண்டுக்கு வருகிறேன். நான்கு பக்கமும் வலை என்பது சென்னைக்குச் சரி, இங்கே ஆகாது. குளிர்காலத்தில் தில்லியில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். ஆகவே வடக்கு, மேற்கு இரண்டையும் தரையிலிருந்து கூரை வரை அடைத்துவிடுங்கள், கிழக்கில் பாதி போதும், தெற்கு முழுக்க வலையாகவே இருக்கட்டும். வடக்குப் பக்கம் மட்டும் கூரையை ஒட்டி நான்கு விரல் அகலத்துக்கு நீளமாகத் திறப்பு விடுங்கள், அதற்கும் வலை அடித்து. சூடான, ஈரமான காற்று மேலே ஏறி அதன் வழியாக வெளியேறும், முன்பக்கம் கீழேயிருந்து புதுக் காற்று நுழையும். இந்த ஓட்டம் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அடைப்பதற்குச் சிமென்ட் போர்டு நல்லது, பிளைவுட் போட்டால் ஒரு மழைக்காலத்தில் ஊதிவிடும். கீர்த்தி நகர் மர மார்க்கெட்டில் பழைய கதவுப் பலகைகள் விலை மலிவாகக் கிடைக்கும், அதையும் பாருங்கள்.

தெற்கைத் திறந்து வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் வெயில். டிசம்பர் கடைசியில் இங்கே நண்பகலில்கூடச் சூரியன் 38 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது, சென்னையில் அதே நாளில் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். தாழ்வாக வரும் அந்த வெயில் உங்கள் 7 அடி உயர வலை வழியாக நுழைந்தால் 9 அடி ஆழம் வரை போகும். கூண்டு 6 அடிதானே, பின்சுவரையே போய்த் தொடும். எச்சத்தைக் காயவைக்க அதைவிட நல்ல மருந்து கிடையாது. கூரையை முன்பக்கம் ஒன்றரை அடி நீட்டி விட்டாலும் இந்த வெயிலுக்குத் தடை வராது, ஆனால் ஜூன் மாதத்தில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது அதே நீட்டம் நிழல் தரும், சாரலையும் தடுக்கும்.

அடுத்தது அந்தத் தகரம். மூடுபனி இரவுகளில் தகரம் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்துபோய், உள்பக்கம் வியர்க்கும். விடியற்காலை மழை பெய்தது போல் சொட்டும், மழையே இருக்காது. தகரத்துக்கு அடியில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுப் பலகையோ தெர்மாக்கோலோ அடித்துவிடுங்கள், தெர்மாக்கோல் என்றால் புறா கொத்தாதபடி மேலே மெல்லிய பலகை. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், தீபாவளிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

உட்காரும் இடங்கள் பின்சுவரில், தரையிலிருந்து 3 அடிக்கு மேல், பெட்டி பெட்டியாகத் தடுத்தது. இரண்டு பக்கமும் தடுப்பு இருப்பதால் காற்றும் படாது, சண்டையும் குறையும். வேலை முடிந்ததும் ராத்திரி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு பெட்டியிலும் பிடித்துப் பாருங்கள். புகை மெதுவாக மேலே போனால் சரி, படுக்கையாக ஓடினால் அந்தப் பக்கம் எங்கோ ஓட்டை இருக்கிறது.


முனிர்கா புறா எழுதியது:

அண்ணன் சொல்வதில் ஒரு விஷயத்தில் நான் ஒத்துப்போகவில்லை. நான் டிசம்பர் வந்ததும் தடித்த பிளாஸ்டிக்கால் நாலு பக்கமும் மூடி, உள்ளே 100 வாட் குண்டு பல்பு ஒன்று ராத்திரி முழுக்க எரியவிடுகிறேன். எதுவும் சாகவில்லை. குளிரில் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை, உயிர்தானே அதுவும். என்னிடம் இருப்பது சாதாப் புறாவும் குட்டிக்கரணம் அடிக்கும் கர்ணப் புறாவும், ஹோமர் இல்லை, ஆனால் குளிர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.


வேப்பேரி மாணவி எழுதியது:

நான் கால்நடை மருத்துவர், படித்தது சென்னை வேப்பேரியில், இப்போது இங்கே துவாரகா பக்கம். முனிர்கா சார், உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் அந்தப் பல்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

புறாவின் உடம்பு பகல் நீளத்தைப் பார்த்துத்தான் இறகு உதிர்ப்பதையும் முட்டையிடுவதையும் தீர்மானிக்கிறது. டிசம்பர் கடைசியில் தில்லியில் பகல் 10 மணி நேரத்துக்குச் சற்றுத்தான் மேல், சென்னையைவிட ஒரு மணி நேரம் குறைவு. இந்தச் சுருங்கிய பகல்தான் "ஓய்வெடு" என்று உடம்புக்குச் சொல்கிறது. நாம் ராத்திரி முழுக்க விளக்கு எரித்தால் வசந்தம் வந்துவிட்டது என்று எண்ணி, ஆண் கூவத் தொடங்கும், பெட்டை முட்டையில் இறங்கும், அதுவும் கடும் குளிரில். அப்புறம் அந்தப் பெட்டையின் முட்டை அடைத்துக்கொண்டு வெளியே வராமல் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். குளிரும் கால்சியம் குறைவும் சேர்ந்தால் அது நடக்கிற காரியம்தான். இன்னொன்று, பல்புச் சூட்டில் மூடிய கூண்டின் ஈரம் ஆவியாகி மேலே போய், குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டுத் திரும்பச் சொட்டுகிறது. கரண்ட் போனால் சூட்டுக்குப் பழகிய பறவை ஒரே அடியாகக் குளிரில் மாட்டிக்கொள்ளும். காய்ந்த எச்சத் தூளும் இறகுப் பஞ்சும் பறக்கிற இடத்தில் சூடான பல்பு தீப்பிடிக்கும் அபாயமும்கூட. நோயுற்ற புறாவைத் தனிப்பெட்டியில் வைத்து ஒரு பக்கம் மட்டும் சூடு கொடுப்பது வேறு, அது அவசியம். முழுக் கூண்டுக்கும் வேண்டாம்.

வடசென்னை சார், காலையில் எல்லாப் புறாவும் உப்பி உருண்டையாக உட்கார்ந்திருக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும், அது இயல்பு. வெயில் ஏறி 11 மணி ஆன பிறகும் ஒன்று மட்டும் உப்பியபடி ஒதுங்கி இருந்தால்தான் கவனிக்க வேண்டும். கையில் எடுத்து மார்பெலும்பைத் தடவுங்கள், கத்தி மாதிரி துருத்தினால் எடை போயிருக்கிறது. மூக்கின் மேலுள்ள சதை சுண்ணாம்பு வெள்ளையாக இருக்க வேண்டும், சாம்பல் நிறமாக மங்கினால் சளியோ வேறு நோயோ தொடங்குகிறது. ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தாலும் அப்படித்தான். எச்சம் உருண்டையாக, நுனியில் வெள்ளையோடு இருந்தால் நல்லது. தண்ணீராகப் போய்க்கொண்டு கழுத்தும் திருகினால் அன்றைக்கே அந்தப் புறாவைப் பிரித்துவிடுங்கள், கோழிக்கு வரும் ராணிகெட் வைரஸின் நெருங்கிய உறவான பாராமிக்ஸோ அது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, கழுத்தின் பின்பக்கம் தோலுக்கு அடியில் போடுவது. குளிர் இறங்குவதற்கு முன், இந்த மாதமே போட்டுவிடுவது நல்லது, எதிர்ப்புச் சக்தி உண்டாகச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன்னால் எச்சத்தை ஆய்வகத்தில் கொடுத்துப் பூச்சி, காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பரிசோதிக்காமல் கடையில் கேட்டு மருந்து கலக்கித் தண்ணீரில் ஊற்றும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காக்சிடியா ஈரத்தில்தான் பெருகும். மூடுபனி நாட்களில் எச்சம் காயவே காயாது, எனவே தினமும் சுரண்டி எடுத்துவிடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். தரையில் வைக்கோல் பரப்பலாமா என்று யாராவது சொல்வார்கள். பூஞ்சை பிடித்த வைக்கோல் புறாவின் நுரையீரலுக்கு விஷம்.

உங்கள் மகனைப் பற்றிச் சொன்னீர்கள். புறாக்களை வீட்டுக்குள் கொண்டுவராதது மிகச் சரியான முடிவு. புறாவின் இறகுப் பொடியும் எச்சத் தூளும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும், புறா வளர்ப்போர் நுரையீரல் என்றே அதற்குப் பெயர் உண்டு, நாள்பட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும். சுரண்டும்போது நீங்கள் என்95 முகக்கவசம் போடுங்கள், அந்த உடையோடு பையனைத் தூக்காதீர்கள், மாற்றிக் கை கழுவிவிட்டு வாருங்கள். அவனுடைய இருமலை ஒரு நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, வீட்டில் புறா இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.


வடசென்னை ஹோமர் எழுதியது:

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பையனை இந்த வாரமே காட்டுகிறேன். தகரம் சொட்டுவது இப்போதே கொஞ்சம் இருக்கிறது, விடிகாலையில் பார்த்தேன், ஏதோ ஓட்டை என்று நினைத்திருந்தேன்.

முட்டையில் இருப்பதைப் பற்றி இன்னும் தெளிவாகவில்லை. சென்னையில் வருடம் முழுக்கக் குஞ்சு எடுப்போம், மழையில் மட்டும் கொஞ்சம் நிறுத்துவோம். இங்கே எப்போது பிரிக்கணும், எப்போது சேர்க்கணும்? தீனிக்கு இப்போது கம்பு, கோதுமை, பச்சைப்பயறு, கொஞ்சம் மக்காச்சோளம் போடுகிறேன். ஜாமா மசூதி பக்கம் பறவைக் கடையில் ஒருவர் பாதாம் அரைத்து நெய்யில் உருட்டிக் கொடுக்கச் சொன்னார், கொடுக்கலாமா?


கரோல்பாக் பழசு எழுதியது:

பழைய தில்லியில் கபூதர்பாஜி என்ற புறா பறக்கவிடும் விளையாட்டில் ஊறிய குடும்பங்களில் பாதாம், நெய் எல்லாம் கொடுப்பது பரம்பரை வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் புறா தினமும் மணிக்கணக்கில் வானத்தில் நிற்கிறது, அந்த உழைப்புக்கு அந்தக் கொழுப்பு செலவாகும். உங்கள் பெரிய புறாக்கள் கூண்டிலேயே உட்கார்ந்திருப்பவை, அவற்றுக்கு நெய்யைக் கொடுத்தால் பிப்ரவரியில் ஜோடி சேர்க்கும்போது பெட்டைகள் கொழுத்துப்போய் கூமுட்டைதான் வரும்.

ஒரு புறாவுக்கு நாளுக்கு 30 கிராம் தீனி சாதாரணக் கணக்கு, குளிர் கடுமையான வாரங்களில் 5 கிராம் கூட்டலாம். நான் செய்வது இப்படி: காலையில் குறைவாக, பார்லியும் கம்பும் அதிகமாகக் கலந்து. பார்லியை மிச்சம் வைத்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம், எல்லாவற்றையும் விட்டு அதைத்தான் கடைசியில் தின்னும். சாயந்திரம் 4 மணிக்குப் பெரிய தீனி, அதில் மக்காச்சோளம் மூன்றில் ஒரு பங்கு, கடும் பனி நாளில் ஆளுக்கு நாலைந்து பச்சை வேர்க்கடலை. ராத்திரி கிட்டத்தட்ட 14 மணி நேரம், அவ்வளவு நேரமும் இரைப்பையில் இருப்பதை எரித்துத்தான் அது சூடாக இருக்கும், வெறும் வயிற்றோடு உட்கார வைத்தால் எந்தப் பலகை அடைத்தும் பயனில்லை. பருப்பு வகையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், அதிகப் புரதம் ஜோடி சேரத் தூண்டும். நயா பஜாரில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும், ஆனால் மூட்டையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மக்காச்சோளத்தில் பூஞ்சை வாடை இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கிரிட் என்ற தாதுக் கலவை எப்போதும் இருக்கட்டும், கிளிஞ்சல் தூள், செங்கல் பொடி, கரி, கொஞ்சம் உப்பு. தண்ணீர் காலையில் வெதுவெதுப்பாக வையுங்கள், சாயந்திரம் தீனி தின்று குடித்து முடித்ததும் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள். குளிப்பதற்கு வாரம் ஒரு முறை, நல்ல வெயில் உள்ள நாளில் 12 மணிக்குத் தட்டு வைத்து, 1 மணிக்கு எடுத்துவிட வேண்டும், 2 மணிக்குள் எல்லாம் காய்ந்திருக்கும். குளித்த தண்ணீரில் வெள்ளையாகப் பொடி மிதந்தால் சந்தோஷப்படுங்கள், இறகு நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். மூடுபனி நாளில் தட்டே வைக்காதீர்கள், எத்தனை கெஞ்சினாலும்.

குஞ்சு எடுத்துப் பறக்கவிடும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நவம்பரில் வயல் எரிக்கும் புகையும் பட்டாசுப் புகையும் சேர்ந்து மூச்சே விட முடியாத வாரங்கள் வரும், அப்போது பறக்கவிடாதீர்கள், நமக்கே மாஸ்க் தேவைப்படுகிற காற்றில் இறக்கை அடிக்கும் பறவை நம்மைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி விலகி அடுத்த தெருவின் தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரிந்த பிறகுதான் கதவைத் திறக்கணும். குளிர்காலத்தில் பைரி என்ற வேட்டைப்பறவை தில்லிக்கு வரும், உயரக் கட்டடங்களில் உட்கார்ந்திருக்கும், இளம்புறாவுக்கு அதுதான் எமன். இன்னொரு வேட்டைப்பறவையான வல்லூறு வருடம் முழுக்க இங்கேயே உண்டு. வலை அரை அங்குலக் கண்ணாக இருக்கட்டும், எலி நுழையக்கூடாது, எலி மூத்திரம் தீனியில் பட்டால் சால்மொனெல்லா வரும்.

தீபாவளி ராத்திரி மட்டும் கூண்டில் ஒரு சின்ன விளக்கு எரியவிடுங்கள். இருட்டில் வெடிக்குப் பயந்து பறந்தால் சுவரில் மோதிச் சாகும், வெளிச்சம் இருந்தால் தன் இடத்தைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்துகொள்ளும்.


வேப்பேரி மாணவி எழுதியது:

முட்டை பற்றி. இப்போது அடைகாக்கும் இரண்டு ஜோடியையும் விட்டுவிடலாம். 17, 18 நாளில் பொரிக்கும், அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம் வரை தில்லி இரவு தாங்கக்கூடியதுதான். பொரிந்து 8 நாள் வரை தாயோ தகப்பனோ மேலேயே படுத்திருக்கும், ஆபத்து அதற்குப் பிறகு: 9, 10 நாளில் ராத்திரி குஞ்சைத் தனியாக விட்டுவிட்டுப் போகத் தொடங்கும், ஆனால் குஞ்சுக்கோ அப்போது முள் முள்ளாகத்தான் இறகு இருக்கும். அந்த ஒரு வாரத்துக்குக் கூட்டுப் பெட்டியின் முன்பக்கத்தில் பாதியை அட்டையால் மறைத்து, வேப்பங்குச்சியும் புகையிலைத் தண்டும் போட்டுக் கூட்டை ஆழமாக்கிக் கொடுங்கள். கால் வளையம் போடுவதாக இருந்தால் 7ஆம் நாள் சுற்றி. மற்ற ஜோடிகள் இனி இடும் முட்டையை எடுத்துவிட்டுப் போலி முட்டை வையுங்கள். வெறுமனே எடுத்தால் பத்து நாளில் திரும்பவும் இட்டுப் பெட்டையின் உடம்பு வற்றிவிடும்.

நவம்பர் நடுவில் ஆண் ஒரு பக்கம், பெட்டை ஒரு பக்கம் என்று பிரித்துவிடுங்கள், நடுவில் பலகை வைத்து ஒன்றையொன்று பார்க்காதபடி. இறகு உதிர்ப்பும் அப்போதுதான் முடியும், இறக்கையின் பத்து பெரிய இறகில் கடைசி வெளி இறகு முழுதாக வளர்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள், வளரும் இறகுக்கு இரத்தம் பாயும்போது புறா பலவீனமாக இருக்கும். பிப்ரவரி இரண்டாவது வாரத்துக்குப் பிறகு சேர்த்தால் குஞ்சு மார்ச்சில் வரும், மே மாத அனல் தொடங்குவதற்குள் இரண்டு ஈடு எடுக்கலாம், அதற்கு மேல் எடுக்காதீர்கள். ஐரோப்பாவில் பந்தயம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அதற்கு ஏற்ற மாதிரி அவர்கள் புத்தகங்களில் மாதக் கணக்கு போட்டிருப்பார்கள். நம்ம பக்கம் மழை ஓய்ந்து தை, மாசியில்தான் ஓட்டம். உங்கள் புறாக்கள் இப்போது இரண்டு கணக்கிலும் சேராத ஊரில் இருக்கின்றன, தில்லிக் காலத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கணும்.

அவசரம் என்றால் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் இருக்கும் ஜைனர்களின் பறவை மருத்துவமனையில் புறாவை ஏற்றுக்கொள்வார்கள், காசு வாங்க மாட்டார்கள்.


முனிர்கா புறா எழுதியது:

டாக்டர் அம்மா சொன்ன பிறகு யோசிக்கிறேன். போன ஜனவரியில் என் கர்ணப் பெட்டைகள் இரண்டு முட்டையிட்டது உண்மைதான். பல்பை நிறுத்துகிறேன். ஆனால் பனிக்காற்று அடிக்கிற ராத்திரியில் முன்பக்கத்தை வெறும் வலையாக விடுவது என்னால் முடியாது, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் நஜஃப்கர் அண்ணே.


நஜஃப்கர் மாடி எழுதியது:

முன்பக்கத்துக்குச் சாக்குத்துணி போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். கோணிப்பையைப் பிரித்துத் தைத்து, கூரை நீட்டத்தின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டால் வலைக்கும் துணிக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி இருக்கும், காற்றின் வேகம் அங்கேயே உடைந்துவிடும், ஈரம் துணி வழியாக வெளியே போகும். கீழே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். அடியில் ஒரு மூங்கிலைச் செருகித் தைத்துவிட்டால் ஆடாது, சுருட்டி ஏற்றவும் சுலபம். குளிரலை என்று வானிலை அறிக்கை சொல்லும் இரவுகளிலும், தெற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ மழை சாய்ந்து வரும்போதும் மட்டும் இறக்கினால் போதும். ஜனவரி, பிப்ரவரியில் மேற்கத்தியக் கலக்கம், அதாவது மேற்கிலிருந்து மழை கொண்டுவரும் காற்றழுத்த அமைப்பு, வந்தால் இங்கே ஓரிரு நாள் மழை இருக்கும், அந்த இரண்டு நாள்தான் குளிர்காலம் முழுவதிலும் புறாவுக்கு மோசமான நாட்கள், அப்போது சாக்கு நனைந்தால் காயும் வரை வேறு ஒன்று மாற்றிப் போட வேண்டும், ஆகவே இரண்டு செட் தைத்து வையுங்கள்.

காலையில் வெயில் கூண்டைத் தொட்டதும் சுருட்டிவிடுங்கள் தம்பி, ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் மறந்துவிடக்கூடாது, வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சனி, ஞாயிறில் உங்களுக்கு நேரம் இருந்தால் பலகை அடைக்க நான் வருகிறேன், நஜஃப்கரிலிருந்து பாலம் தூரமில்லை. துளைபோடும் மெஷின் என்னிடம் இருக்கிறது. வடக்குப் பக்கச் சுவர் அளவை மட்டும் அனுப்புங்கள், போர்டை அறுத்தே கொண்டு வந்துவிடலாம்.